எந்த முருகேசன்?

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

எங்கள் தெருவில் முருகேசன் என்ற பெயரில் நால்வர் உண்டு. தபால்காரர் "எந்த முருகேசன்?" என்று கேட்காமல் கடிதத்தைக் கொடுத்ததே இல்லை. அந்த நால்வரில் ஒருவர் என் தந்தையார்.

சென்ற பருவத்தில் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். வருமானச் சான்றிதழுக்காக அப்பா இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு ஈ-சேவை மையத்துக்கு அலைந்தார். விடுதி அறையில் எங்கள் நால்வருக்கும் ஒரே பென்டிரைவ். ஆளுக்கொரு போல்டர், அதற்குள்ளும் போல்டர்கள். சான்றிதழுக்கு மட்டும் நால்வரும் 'இன்கம்' என்றே பெயர் வைத்திருந்தோம்! நான் பெயரைத் தேடி, முதலில் கண்ணில் பட்டதை அனுப்பினேன். பத்து நாளில் விண்ணப்பம் திரும்பியது. நான் அனுப்பியது நண்பனின் தந்தையாருடைய வருமானம். மீண்டும் அனுப்ப இரண்டே நாள் இருந்தது.

கணினிக் கூடத்தில் என் முகத்தைப் பார்த்த பேராசிரியர், "என்னப்பா, பரீட்சையா?" என்றார். சொன்னேன். அவர் கறுப்புத் திரையொன்றைத் திறந்து, "டிர் போடு" என்றார். போட்டேன். மேல்மட்டத்துப் போல்டர்களின் பெயர்கள் மட்டும் வந்தன. "சாய்கோடு எஸ் போட்டால் உள்ளே உள்ளேயும் போய்ப் பார்க்கும். கூடவே சாய்கோடு பி போடு. தேதி, அளவு எல்லாம் உதிர்ந்து முழு விலாசம் வரும்" என்றார். இன்கம் என்ற பெயரையும் சேர்த்துத் தட்டினேன். நான்கே வரிகள்! 'இ:\முத்து\ஸ்காலர்ஷிப்\இன்கம்.பிடிஎஃப்' என்பது போல, ஒவ்வொன்றும் டிரைவிலிருந்து கோப்பு வரை. மூன்றாவது வரி என் அப்பா. திறந்து, பெயரையும் ஊரையும் இரண்டு முறை படித்த பிறகே அனுப்பினேன்.

சாய்கோடு பி-யை மட்டும் போட்டால் வெறும் பெயர்தான் வரும். எஸ் சேர்ந்தால்தான் பாதையும் வரும். பக்கத்து மேசை லினக்ஸில் இதற்கு 'ஃபைண்ட்'. அதில் தொடக்க இடமாகப் புள்ளி வைத்தால் விலாசமும் புள்ளியிலிருந்தே தொடங்குகிறது, 'நம்ம தெரு' என்று சொல்வதைப் போல. முழுப் பாதை வேண்டுமென்றால் தொடக்கத்தையே முழுதாகக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் பேராசிரியர் சொன்னார். 1981-இல் வந்த முதல் டாஸில் போல்டரே கிடையாதாம். 1983-இல் இரண்டாம் பதிப்பில்தான் வந்ததாம். அதற்குள் நேர்ச் சாய்கோடு கட்டளைகளுக்குப் போய்விட்டதால், பாதைக்கு மறுபக்கம் சாய்ந்த கோடு கிடைத்தது. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸின் வழியில் வந்த லினக்ஸில் நேர்ச் சாய்கோடே பாதைக்கு. எனக்கு இன்னும் இரண்டும் குழம்பும்.

அன்றிரவு அப்பா தொலைபேசியில், "பேப்பரு போய்ச் சேந்துச்சா சாமி?" என்றார். "சேந்துருச்சுப்பா" என்றேன். முதல் தடவை எங்கே போயிற்று என்பதைச் சொல்லவில்லை.

பென்டிரைவின் முழுப் பட்டியலையும் ஒரு கோப்பில் இறக்கி, அச்செடுத்து, அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். என் சான்றிதழுக்கு அப்பாவின் பெயரையே வைத்துவிட்டேன். நண்பன் மட்டும் இன்னும் 'இன்கம்' என்றேதான் வைத்திருக்கிறான்.