அன்னைக்கே மத்தியானம்

பயணச்சீட்டு விற்பது என் தொழில். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். "சான் பிரான்சிஸ்கோ போக எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?" என்று கேட்பார்கள். "விடியகாலை நாலு மணிக்கு ஏறினா அன்னைக்கே மத்தியானம் ஒரு மணிக்கு இறங்கிடுவீங்க" என்பேன். டிக்கெட்டிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் கோடையில் அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட 12½ மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. அதை மட்டும் சொல்ல மாட்டேன். 9 மணி நேரமாகத் தெரியும் பயணம் உண்மையில் 21½ மணி நேரம்.

கணக்குத் தெரியாமல் செய்ததல்ல. சென்னையிலிருந்து அந்த ஊர், பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் சுமார் 13,900 கி.மீ. துபாய் வழியாகப் போனால் 16,000-ஐ நெருங்கிவிடும்: துபாய்க்கு 4 மணி நேரம், அங்கிருந்து ஏறக்குறைய 16. தூரத்தை மட்டும் வைத்து நேரம் சொல்ல முடியாது என்பதும் தெரியும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக்கை விட்டுப் பசிபிக் மேல் பறக்கவிட்டது. தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடியும், காற்று பின்னாலிருந்து தள்ளியதால் 14½ மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. இதையெல்லாம் வருகிறவர்களிடம் ஆசையாகச் சொல்லியிருக்கிறேன்.

விழுப்புரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். முட்டி வலி, சர்க்கரை, இன்சுலின். முதல் நாள் இரவு 7 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் மகன் வீட்டு வாசலை மிதிக்க 32 மணி நேரமாவது ஆகும். நான் சொன்னது வழக்கமான அந்த ஒரு வரிதான். "வீல்சேர் வேணுமாப்பா?" என்று அவரே கேட்டார். அதற்குக் காசு கிடையாது. புக்கிங்கில் குறித்தால் போதும். "ஒரு பகல் பயணம்தானேம்மா" என்று சொல்லிவிட்டேன். துபாயில் 4 மணி நேரம் இடைவெளி விடும் டிக்கெட்டும் திரையில் இருந்தது, விலை கொஞ்சம் கூட. ஒன்றரை மணி நேர இடைவெளி உள்ளதைப் போட்டுக்கொடுத்தேன். நேரத்தையும் விலையையும் உள்ளபடி சொன்னால் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவாரோ என்ற பயம் எனக்கு.

துபாயில் சில வாயில்களுக்கு நிலையத்துக்குள்ளேயே ரயிலேறிப் போக வேண்டும். அவர் நடந்து போய்ச் சேர்வதற்குள் கதவு மூடிவிட்டது. அடுத்த விமானம் மறுநாள். இன்சுலின் உள்ளே போட்ட பெட்டியில். எதைக் கைப்பையில் வைக்க வேண்டும் என்றும் நான் சொல்லியிருக்கவில்லை. வீங்கிய காலோடு இரவு முழுக்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மகன் போன் செய்தபோது, "கனெக்ஷன் விட்டுப்போறது சகஜம் சார், ஏர்லைன்ஸ்காரங்க பார்த்திருக்கணும்" என்றேன். அவரும் நம்பினார். திரும்பி வந்த பிறகு அந்த அம்மா கடைக்கு வந்து, அலைச்சலுக்கு நடுவே டிக்கெட் மாற்ற உதவியதற்காக எனக்கு நன்றி சொன்னார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது மொத்த மணி நேரத்தைத்தான் முதலில் எழுதிக் கொடுக்கிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். அந்த அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.