ப்ராஜெக்டோடு போகிற செட்டிங்

4 மார்ச் 2025, செவ்வாய்

டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி திருத்தியது இரண்டே வரி. டிஃப்பைத் திறந்தால் ஃபைல் முழுக்கச் சிவப்பும் பச்சையும். சேமிக்கும்போது அவருடைய எடிட்டர் ஸ்பேஸையெல்லாம் டேப்பாக மாற்றிவிட்டிருக்கிறது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் ப்ராஜெக்டின் வழக்கம் எங்குமே எழுதி வைக்கப்படவில்லை.

5 மார்ச், புதன்

என் விம் எடிட்டரின் செட்டிங் ஃபைலான விம்ஆர்சியில் எழுதினால் எனக்கு மட்டும்தான் பயன். எனக்கே பகலில் பைத்தான், நான்கு ஸ்பேஸ். இரவில் லினக்ஸ் கெர்னல், எட்டு எழுத்து அகல டேப். ஆகவே செட்டிங் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்தான் இருக்க வேண்டும்.

விம்மில் அதற்கு 'எக்ஸ்ஆர்சி' என்ற ஆப்ஷன் உண்டு. அதை இயக்கிவிட்டால், நாம் நிற்கும் ஃபோல்டரில் உள்ள விம்ஆர்சியையும் படித்து ஓட்டும். பயமே அங்கேதான். யாரோ எழுதிய ரெப்போவை இறக்கி, உள்ளே நின்று விம்மைத் திறந்தாலே அவர் எழுதிய கட்டளை நம் கணினியில் ஓடிவிடும். 'செக்யூர்' என்ற ஆப்ஷன் காப்பாற்றும் என்பார்கள். யூனிக்ஸில் அது அடுத்தவர் பெயரில் உள்ள ஃபைலுக்கு மட்டும்தான் பொருந்தும். கிட் குளோன் செய்த ஃபைலோ நம் பெயரில்தான் வந்து இறங்குகிறது! இதை இன்னும் பலர் கவனிக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

7 மார்ச், வெள்ளி

அதனால் எக்ஸ்ஆர்சியை விட்டுவிட்டு, பல எடிட்டர்களும் படிக்கிற எடிட்டர்கான்ஃபிக் என்ற செட்டிங் ஃபைல் ஒன்றை ரெப்போவின் மேல்மட்டத்தில் போட்டேன். முதல் வரி 'ரூட் = ட்ரூ'; தேடிக்கொண்டே மேல் ஃபோல்டர்களுக்குப் போகும் எடிட்டர் இங்கேயே நின்றுவிடும். பைத்தான் ஃபைல்களுக்கு ஸ்பேஸ், அளவு 4. மேக்ஃபைலுக்குத் தனியாக டேப். அங்கே கட்டளை வரி டேப்பில் தொடங்காவிட்டால் மேக் 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று நின்றுவிடும். எடிட்டர்கான்ஃபிக் ஃபைலில் ஓடக்கூடியது எதுவுமில்லை, வெறும் விவரம்தான். அதனாலேயே இதன்மேல் எனக்கு நம்பிக்கை.

10 மார்ச், திங்கள்

விம்மிலிருந்து பிரிந்த நியோவிம், 0.9 முதல் எடிட்டர்கான்ஃபிக்கைத் தானாகவே படிக்கிறது. விம் 9.1-இல் விம்ஆர்சியில் அதற்கு 'பேக்ஆட்' என ஒரு வரி சேர்க்க வேண்டும். எக்ஸ்ஆர்சியை இயக்கினாலும் நியோவிம் நம்மைக் கேட்டுவிட்டுத்தான் ஃபைலை ஓட்டுகிறது. ஃபைல் மாறினால் மறுபடி கேட்கிறது. சரியான வழி இதுதான்.

ரீட்மீயில் எழுதிவிட்டேன்: உள்தள்ளல், வரி முடிவு, யூடிஎஃப்-8 எல்லாம் எடிட்டர்கான்ஃபிக்கில். எடிட்டர் ஓட்டக்கூடிய எந்த ஸ்கிரிப்டையும் இந்த ரெப்போவில் கமிட் செய்யாதீர்கள்.