சிவப்பு ஒயில்

எங்கள் வீட்டுக் கார் ஓடிய தூரம் 240,000 கிலோமீற்றர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய கார்களுக்குப் பொன்விலை வந்தது. 2025இல் தடை நீங்கியும் புதியதொன்றை நாம் எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை. லயங்களிலிருந்து நோயாளிகளையும் பிள்ளைப்பேற்றுக்குச் செல்வோரையும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் அவ்வண்டியே எங்களுக்குச் சோறு போடுவது.

ஒருநாள் கினிகத்தேனை ஏற்றத்திற் கியர் மாறுகையில் ஓர் உதைப்பு உண்டாயிற்று.

“தொடாதே தம்பி! பழைய ஒயிலை வடித்தால் பெட்டியே போய்விடும்” என்றார் கராஜ் பாஸ். அப்பாவும் அஞ்சினார். அவ்வச்சத்தைப் பழிக்க மாட்டேன். ஆயினும் அது அரையுண்மையே. ஆட்டோ கியரில் ஒயில் வெறும் மசகு அன்று. இயந்திரத்தின் விசையைக் கடத்துவதும், கிளச்சுத் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டை வாங்கிச் செல்வதும் அதுவே. மலையேற்றத்தில் அச்சூடு மிகும். ஒயிலும் விரைவில் கெடும். தட்டுகள் முன்னமே தேய்ந்திருந்தால் எந்த ஒயிலும் காப்பாற்றாது. பழி மட்டும் புதிய ஒயில்மேல் விழும்.

ஆகையால் முதலில் அளவுகோலை உருவி முகர்ந்தேன். சிவந்திருக்க வேண்டியது தேயிலைச் சாயம்போற் கறுத்திருந்தது. கருகிய வாடை இல்லை. வாடை இருந்திருப்பின் பாஸின் சொல்லையே கேட்டிருப்பேன்.

இயந்திரத்தாற் கழுவித் தள்ளவில்லை. படிந்த அழுக்குக் கிளம்பி நுண்வழிகளை அடைத்துவிடக் கூடும். அடியாணியைக் கழற்றி வடியவிட்டோம். ஏறத்தாழ ஏழு லீற்றரில் மூன்றே வந்தது. எஞ்சியது உள்ளேயே தங்கும். வந்ததைப் போத்தலில் அளந்து, கைந்நூலிற் குறித்த வகையில் அதே அளவு ஊற்றினோம். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும், பின்னும் ஒருமுறை. இவ்வாறு மும்முறை செய்தால் ஐந்தில் நான்கு பங்கு புதிதாகிவிடும்.

மட்டம் பார்ப்பதுதான் பெரும்பாடு. ஒயில் சூடேறி, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, கார் சமதரையில் நிற்க வேண்டுமாம். ஹட்டனிற் சமதரைக்கு எங்கே போவது? கோவில் முன்றலில் நிறுத்திப் பார்த்தோம். பூசைக்கு வந்தோர் காருக்கு அருச்சனை என்றே எண்ணினர்.

உதைப்பு முற்றும் நீங்கவில்லை. விடியற்குளிரில் இன்னும் சிறிது உண்டு. மூன்றாம் முறை மாற்றிய அன்றிரவே ஒரு லயத்திலிருந்து அழைப்பு வந்தது. அப்பா ஒன்றும் பேசாமற் சாவியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.