நால்வர் சுமந்த படுக்கை

தென்சென்னைப் புறநகர் மக்களுக்குச் 'சானடோரியம்' என்பது ஒரு ரயில் நிலையத்தின் பெயர். அப்பெயருக்குப் பின்னே நெஞ்சக நோயாளரின் நீண்ட வரலாறு ஒன்று உண்டு. 1928ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து 12 படுக்கைகளுடன் தாம்பரத்தில் ஒரு காசநோய் மருத்துவ இல்லத்தைத் தொடங்கினார். தூய காற்றும் ஓய்வுமே அந்நோய்க்கு மருந்தென்று நம்பப்பட்ட காலம் அது. 1937இல் அரசு ஏற்றுக்கொண்ட அவ்வில்லமே இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

இன்று இப்பகுதியில் மருத்துவமனைகள் பல பெருகிவிட்டன. செவிலியர் ஒருவரேனும் இல்லாத அன்பியம் நம் பங்குகளில் அரிது. அவர்களுள் புகைபிடிப்போரும் இருப்பரோ என்று சிலர் வியக்கக்கூடும். 2016-17இல் நம் நாட்டில் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்த பெண்களில் புகைபிடிப்போர் 2 விழுக்காட்டினரே. ஆண்களிலோ 19 விழுக்காட்டினர். செவிலியர் பணியில் ஆண்களும் இருக்கின்றனர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அத்தகைய ஒருவரை, இரவுப் பணி முடிந்த வேளையில், மருத்துவமனைக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் கண்டேன். என்னைக் கண்டதும் கையிலிருந்ததை மறைத்தார். பின்னர் தாமே பேசினார்: "ஃபாதர், புகையை விடுங்கள் என்று நோயாளியிடம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. எங்கேயாவது உதவி கேட்கலாமென்றால், வேலைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயமாயிருக்கிறது." பெயர் குறிக்காமல் இதனை எழுத அவர் இசைந்தார்.

இதில் இழப்பு இரட்டிப்பானது. நோயாளி ஓர் ஆலோசகரை இழக்கிறார். ஆலோசகரோ, மருத்துவமனைக்குள்ளேயே இருந்தும், மருத்துவத்தை இழக்கிறார்.

'புகை கேடென்று அறிந்தவர்தாமே, விட்டுவிட வேண்டியதுதானே?' என்று கேட்பது எளிது. ஆனால் நிகோடின் அறிவோடு வாதாடுவதில்லை. உள்ளிழுத்த சில நொடிகளில் அது மூளையை எட்டுகிறது. விட முனைவோரை எரிச்சலும் அமைதியின்மையும் உறக்கக் குறைவும் வாட்டுகின்றன. முதல் சில நாள்களில் இத்துன்பம் உச்சம் அடைகிறது. தணியச் சில வாரங்கள் ஆகும். இரவுப் பணியும், மரணங்களைக் கண்டுகண்டு களைத்த மனமும் சேரும்போது போராட்டம் இன்னும் கடினமாகிறது.

அமெரிக்க நாட்டில் 1976இல் தொடங்கிய செவிலியர் உடல்நல ஆய்வில், அன்று பங்கேற்ற செவிலியரில் மூவரில் ஒருவர் புகைத்தனர். 2003இல் அவ்விகிதம் 8 விழுக்காட்டளவுக்குக் குறைந்தது. அவ்வாண்டிலேயே, இன்னும் விட இயலாதோருக்கென்று செவிலியரே ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். பழித்தலன்று, உதவுதலே அதன் வழி.

நம் நாட்டில் 2008 அக்டோபர் 2 முதல், மருத்துவமனை உள்ளிட்ட பொது இடங்களில் புகைத்தல் கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. நல்ல சட்டம். எனினும் சட்டம் புகைப்பவரை வாயிலுக்கு வெளியே அனுப்புமேயன்றி, பழக்கத்திலிருந்து வெளியே கொணராது. அதற்குப் பணியிடமே முன்வர வேண்டும். பணி நேரத்திலேயே ஆலோசனை பெற இடமளித்தல், மருத்துவர் மேற்பார்வையில் நிகோடின் சூயிங்கம் முதலியவற்றை வழங்குதல், உதவி கேட்டவர் பெயரைக் காத்தல், மீண்டும் தவறினால் மீண்டும் ஏற்றல் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 2002லேயே புகையிலை விடுவிப்பு மையம் தொடங்கப்பட்டது. 1800 11 2356 என்னும் கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசிச் சேவை 2016 முதல் இயங்குகிறது.

பணியிடத்தின் கடமையைத் திருச்சபையும் உணர்ந்துள்ளது. தன் பணியாளருக்குச் சலுகை விலையில் சிகரெட் விற்றுவந்த வத்திக்கான், திருத்தந்தை பிரான்சிஸின் முடிவால் 2018 முதல் அவ்விற்பனையை நிறுத்தியது. வருவாய் இழப்பை அவர் பொருட்படுத்தவில்லை.

செவிலியரின் பாதுகாவலர் புனித கமில்லஸ் சூதாட்டத்துக்கு அடிமையாயிருந்தவர். காலில் ஆறாப் புண்ணோடு உரோமையின் சான் ஜாக்கோமோ மருத்துவமனைக்கு வந்து, அங்கேயே ஏவலராகி, தம் நடத்தையால் வெளியேற்றப்பட்டார். மனம் மாறித் திரும்பியபோது அதே மருத்துவமனை அவருக்குக் கதவு திறந்தது. பிற்காலத்தில் அதன் மேற்பார்வையாளரும் ஆனார். அன்று அக்கதவு மூடியே இருந்திருந்தால்?

மாற்கு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில், முடக்குவாதமுற்றவர் தாமாக இயேசுவிடம் வரவில்லை. நால்வர் சுமந்து வந்தனர். கூட்டம் வழியை மறைத்தபோது கூரையைத் திறந்தனர். ஆண்டவர் நோக்கியது சுமந்து வந்தோரின் நம்பிக்கையையும்தான். பழக்கத்துக்கு அடிமையானவரிடம் 'எழுந்து நட' என்று சொல்லும் அதிகாரம் நமக்கில்லை; அது ஆண்டவருக்குரியது. படுக்கையின் ஒரு முனையைப் பற்றுவதே நம் பங்கு. மருத்துவமனை நடத்தும் நம் துறவற சபைகளும், உடன் பணியாற்றும் செவிலியரும், அவர்தம் குடும்பத்தாரும், பங்குச் சமூகமும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தால், சுமை அத்துணைப் பெரிதன்று.