குள்ளர் வீடும் கரடிக் காலும்

ஆம்பூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சீரகச்சம்பா அரிசியில் தம் போட்ட பிரியாணி, கூடவே எண்ணெய்க் கத்தரிக்காய். அதற்கடுத்து, பஸ் ஜன்னலை அவசரமாகச் சாத்த வைக்கும் தோல் வாசனை! வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும்தான். காலையில் நெடுஞ்சாலை ஓரமாக நின்று பாருங்கள். டிபன் டப்பாவும் கையுமாகக் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். ஊர் உலகத்துக் கால்களுக்கெல்லாம் ஜோடு தைத்து அனுப்புகிற சீமை இது. அந்தச் சீமையிலிருந்து, ஜோடே போடாத ஒரு காலின் தடத்தைத் தேடித்தான் நாங்கள் ஜீப்பில் கிளம்பினோம்.

காரணம் எங்கள் சின்னவன். எங்கிருந்தோ 'பிக்ஃபுட்' கதையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். அமெரிக்காவில் கலிபோர்னியா காட்டுக்குள் 1958-ல் ரோடு போட்டுக்கொண்டிருந்த ஒரு புல்டோசர் டிரைவர், மண்ணில் 16 அங்குல நீளத்துக்கு மனிதக் கால் மாதிரி தடங்களைப் பார்த்தார். உள்ளூர்ப் பத்திரிகை அந்தக் காலுக்குச் சொந்தக்காரனைப் 'பெருங்காலன்' என்கிற அர்த்தத்தில் பிக்ஃபுட் என்று எழுத, பெயர் ஒட்டிக்கொண்டது. 1967-ல் உடம்பெல்லாம் ரோமம் மண்டிய ஒரு உருவம் திரும்பிப் பார்த்தபடி நடந்து போவதைப் படம் எடுத்தோம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அன்றிலிருந்து பெரிய சக்கர வண்டிகளில் காமிராவும் டார்ச்சுமாகக் காடு காடாக அலைகிறவர்கள் அங்கே ஏராளம். 2002-ல் அந்த ரோடு காண்டிராக்டர் காலமான பிறகு, அவர் வீட்டாரே மரத்தில் செதுக்கிய இரண்டு பெரிய பாதங்களை எடுத்துக் காட்டி, எல்லாம் அவருடைய குறும்புதான் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியும் தேடல் நிற்கவில்லை!

"ஏம்மா, நம்ம ஊர்ல அப்படி யாரும் கிடையாதா?"

"பெருங்கால் கிடையாதுடா. குறுங்கால்தான் உண்டு" என்றார் இவர், பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

வேடிக்கைக்குச் சொன்னதில்லை. ஆம்பூருக்குத் தெற்கே சுவர் மாதிரி நிற்கிறதே ஜவ்வாது மலை, அதன் மேலே முன்னொரு காலத்தில் குள்ள மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று மலைவாசிகள் இன்றைக்கும் சொல்கிறார்கள். வாலியர் என்றும் அவர்களுக்குப் பெயர். அவர்கள் கட்டிய கல் வீடுகள்கூட இருக்கின்றன, போய்ப் பார்க்கலாம். பிறகு கேட்க வேண்டுமா? சின்னவன் விடவில்லை. இவருடைய சிநேகிதர் ஒருவரிடம் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்று இருந்தது. புளியோதரை, தயிர்சாதம், இரண்டு குடம் தண்ணீர், ஒரு பொட்டலம் மாவுக்கட்டு மாவு. கடைசியாகச் சொன்னது சின்னவனுடைய சாமான். காலடி கிடைத்தால் அச்சு எடுக்க!

வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக மலை ஏறினோம். வழியில் காவலூர். 1986-ல் திறந்த 93 அங்குலத் தொலைநோக்கி இங்கேதான் இருக்கிறது. 1988-ல் இதே காவலூரிலிருந்து புதிய குறுங்கோள் ஒன்றைக் கண்டுபிடித்து, நம் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். அவர்கள் தேடுவது மேலே, நாம் தேடுவது கீழே என்று சொல்லிக்கொண்டே தாண்டினோம்.

ஜமுனாமரத்தூர் வரை தார் ரோடு சௌகரியமாகவே இருக்கிறது. அப்புறம் கிராமங்களுக்குப் பிரியும் மண் தடங்களில்தான் ஜீப்பின் அருமை தெரியும். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மடியில் இருந்த தூக்கு கூரையில் இடித்தது. (மூடியை நூலால் கட்டி வைத்திருந்ததால் தயிர்சாதம் தப்பித்தது.) ஒன்று சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டியை விடக்கூடாது. ஊருக்குப் போகிற தடத்தில் மட்டும்தான் நாங்கள் போனோம், மற்றதெல்லாம் நடைதான்.

இந்த மலைக்கும் கீழே இருக்கும் தோல் ஷாப்புகளுக்கும் பழைய உறவு உண்டு. ரசாயன உப்புகள் வருவதற்கு முன்னால், தோலைப் பதப்படுத்த அடிவாரத்து ஆவாரம்பட்டைதான் வேண்டும். மெருகுக்கு மலைக் கடுக்காய். நாம் கைமருந்துக்கு வைத்திருக்கிறோமே, அதே கடுக்காய்தான். தலைச்சுமையாக இறக்கிப் போனவர்களில் பாதிப் பேராவது பெண்களாகத்தான் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. விறகானாலும் புளியானாலும் சுமை யார் தலையில் ஏறுகிறது என்பதை மலையில் ஒரு நாள் நின்று பார்த்தாலே தெரிந்துவிடுமே!

கீழ்செப்பிலி என்ற கிராமத்துப் பக்கம்தான் அந்தக் கல் வீடுகள் இருக்கின்றன. கிட்டே போய்ப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாலு பக்கமும் பலகை போலக் கல், மேலே ஒரு பெரிய மூடுகல். முன்பக்கக் கல்லில் வட்டமாக ஒரு ஓட்டை, குழந்தை தவழ்ந்து நுழையலாம் போல. நம்மால் உள்ளே குனிந்துகூட இருக்க முடியாது. ஒன்று இரண்டல்ல, கூட்டமாக, ஒரு தெருவையே கட்டிவிட்டு ஆட்கள் எங்கோ புறப்பட்டுப் போன மாதிரி. இதைப் பார்க்கிற யாருக்கும் 'குள்ளர் வீடு' என்றுதானே சொல்லத் தோன்றும்?

சின்னவன் ஓட்டைக்குள் தலையை விடப் போனான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே பாம்பு இருக்குமோ, பூரான் இருக்குமோ!

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே கிட்டே வந்தார்கள். வாலியர் கதையைக் கேட்டேன்.

"இருந்தாங்கம்மா. இத்தினியூண்டு ஆளுங்களாம். எங்க ஆயா சொல்லும். ஆனா பலம்னா அப்படி ஒரு பலம். இந்தக் கல்லெல்லாம் தூக்கி வெச்சது அவங்கதான். நெருப்பு மழை பெய்யப் போவுதுன்னு தெரிஞ்சிக்கினு, கல்லுல ஊடு கட்டி உள்ளாறப் பூந்துக்கினாங்க."

"அப்புறம் என்ன ஆச்சு பாட்டி?"

"அப்புறம் இன்னா, வெளியிலயே வரல."

அவ்வளவுதான் கதை. ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அந்தக் கடைசி வார்த்தை மனசிலேயே நின்றது. பாட்டி அறியாமல் சொன்னாரோ, அறிந்தே சொன்னாரோ, அதுதான் உண்மை. அவை வாழ்ந்த வீடுகள் இல்லை, இறந்தவர்களுக்குக் கட்டிய வீடுகள். தொல்லியல்காரர்கள் கற்திட்டை என்பார்கள். இரும்புக் காலத்தைச் சேர்ந்தவை. இறந்தவரை அப்படியே படுக்க வைக்காமல், எலும்புகளைப் பொறுக்கிச் சேர்த்து, கூடவே பானைகளும் இரும்புச் சாமானும் வைத்து மூடுவது அந்த நாளில் பரவலாக இருந்த வழக்கம். வீடு சின்னதாக இருப்பதற்கு ஆள் குள்ளமாக இருந்திருக்க வேண்டியதில்லை. இந்த மாதிரி ஈமக்குழிகளில் கிடைத்த எலும்புகள் நம்மைப் போன்ற ஆட்களுடையவைதான்.

முதுமக்கள் தாழிக்கும் நம் பாட்டிமார் ஒரு கதை வைத்திருக்கிறார்களே, தெரியுமா? அந்தக் காலத்துக் கிழவர்களுக்குச் சாவே வராதாம். சுருங்கிச் சுருங்கிக் கைக்குழந்தை அளவாகி விடுவார்களாம். விளக்கு மாடத்தில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பானைக்குள் வைப்பார்களாம். சின்ன இடத்துக்குள் பெரிய மனுஷரின் எலும்பைப் பார்த்தவர்கள் அதற்கு ஒரு காரணம் தேடினார்கள். வாலியர் கதையும் அப்படிப் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். இலங்கையிலும் வேடர்கள் நிட்டேவோ என்ற குட்டை மனிதர்களைப் பற்றிக் கதை சொல்வார்கள். அதற்காக, உலகில் குள்ள மனித இனமே இருந்ததில்லை என்றும் அடித்துச் சொல்லிவிட முடியாது. இந்தோனேஷியாவில் ஃபுளோரெஸ் தீவுக் குகை ஒன்றில் 2003-ல் மூன்றரை அடி உயரமே இருந்த ஒரு பழைய மனித இனத்தின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அது வேறு ஊர், வேறு காலம்.

நம் சீமையின் பழமை ஒன்றும் குறைந்ததில்லை. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பு 4200 ஆண்டுகளுக்கு முந்தையது என்று 2022-ல் அறிவித்தார்கள். திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1960-களில் தோண்டியபோது, அந்த நாள் மக்கள் வைத்திருந்த கொள்ளும் பச்சைப்பயறும் கருகிய நிலையில் கிடைத்தன. அதைப் படித்ததிலிருந்து கொள்ளு ரசம் வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அடுப்படி ஞாபகம்தான்.

சரி, காலடிக்கு வருகிறேன்.

மதியம் ஓர் ஓடைக்கரையில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். கை கழுவப் போன சின்னவன், "அம்மா! கால்!" என்று கத்தினான். ஈர மண்ணில் சுத்தமாகப் பதிந்திருந்தது. ஐந்து விரல், உள்ளங்கால், குதிகால். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. செருப்பில்லாத குழந்தையின் கால் என்றே சொல்லலாம். என் வயிற்றில் புளியைக் கரைத்தது. நல்லவேளையாக அந்தப் பக்கம் வந்த வனக்காவலர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார், "கரடிங்கம்மா. பின்னங்கால்."

அவர் விளக்கிய விதம் அழகு. நமக்குக் கட்டைவிரல் உள்பக்கம் பெரிது; கரடிக்கு வெளிப்பக்கத்து விரல்தான் பெரிது. நம் விரல்கள் சரிவாக இறங்கும். நம்மூர்க் கரடியின் விரல்கள் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும். கொஞ்சம் தள்ளி முன்னங்கால் தடம் இருந்தது. அதில் விரலுக்கு வெகு முன்னால் நகங்கள் குத்திய புள்ளிகள். பின்னங்கால் முன்னங்கால் தடத்தின் மேலேயே விழுந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே ராட்சசக் கால் மாதிரி ஆகிவிடுமாம். இமயமலை 'யெதி' விஷயமும் இங்கேதான் வந்து முடிகிறது. யெதியின் எலும்பு, தோல், ரோமம் என்று பல இடங்களில் பாதுகாத்து வந்த 9 மாதிரிகளை 2017-ல் மரபணு ஆராய்ச்சி செய்து பார்த்தபோது, 8 கரடி, ஒன்று நாய்!

ராத்திரியில் பூதம் உறிஞ்சுவது போலச் சத்தம் கேட்கும் என்று மலையில் சொல்வதற்கும் காரணம் இதுதான். இந்தக் கரடிக்கு மேல்வரிசை முன்பற்களில் இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சும். அந்தச் சத்தம் நூறு கஜத்துக்கு அப்பாலும் கேட்கும். இன்னொன்று கேட்டால் உங்களுக்கும் பிடிக்கும். குட்டிகளை மாதக்கணக்கில் முதுகிலேயே சுமந்து திரியும் தாய் இது. முதுகில் இரண்டு குட்டியோடு அந்தி நேரத்தில் நடந்தால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் என்னவென்று நினைப்பார்கள், சொல்லுங்கள்!

அந்தத் தாய்மைதான் ஆபத்தும். குட்டியோடு இருக்கும்போது திடீரென்று கிட்டே போய்விட்டால் பாய்ந்துவிடும். மலைப் பெண்கள் புளி, தேன், நெல்லிக்காய் என்று காட்டுக்குள் போக வேண்டியவர்கள். கும்பலாகப் போவதும், வழி நெடுக உரக்கப் பேசிக்கொண்டே நடப்பதும் அதனால்தான். விடிகாலையும் அந்தியும் கரடி நேரம், ஒதுங்கியிருப்பதே நல்லது.

மாவை நானே கரைத்துக் கொடுத்தேன், தோசை மாவுப் பதத்தில். அரை மணியில் இறுகி, அச்சு அருமையாக வந்தது.

திரும்பும் வழியில் பார்த்த ஒரு காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு குழாயடியில் ஒரு பெண் பெரிய பலகைக்கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அதன் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு. கல் வீட்டின் ஓட்டையில் பாதி! அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துவைக்கக் கல் வேண்டாமா? ஆனால் புதையல் இருக்கிறது என்று நம்பி ராத்திரியில் வந்து மூடுகல்லைப் புரட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அன்று நாங்கள் பார்த்த கல் வீடுகளில் மூன்று அப்படித்தான் சரிந்து கிடந்தன. ஒன்றின் அடியில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. உள்ளே ஓட்டுச் சில்லு, எலும்புத் துண்டு தவிர அவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருள் எது கிடைத்தாலும் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சின்னவன் கீழே கிடந்த ஒரு கறுப்பு-சிவப்பு ஓட்டுச் சில்லைப் பையில் போட்டான். எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொன்னேன். முகத்தைத் தூக்கிக்கொண்டான், ஆனாலும் வைத்தான்.

போக நினைக்கிறவர்களுக்கு: காலையில் சீக்கிரம் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே மலையை விட்டு இறங்கிவிடுங்கள். கைக்குழந்தை இருந்தால் மண் தடத்தில் ஜீப் வேண்டாம், குலுங்கித் தள்ளிவிடும். தார் ரோட்டோடு நின்றுகொள்ளலாம். ஜமுனாமரத்தூரில் சாமை அரிசி வாங்குங்கள். உப்புமாவுக்கும் பொங்கலுக்கும் நன்றாக இருக்கும், கல் மட்டும் நன்றாக அரித்துப் போடவேண்டும். கடுக்காய் வாங்கினால் கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் இடித்து வையுங்கள். கர்ப்பிணிகள் அதைத் தொட வேண்டாம்.