ஆறு மணி விளக்கு

மலருக்கு ஒரு பயணக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். அயல்நாடு என்று நான் கண்டது ஒன்றே ஒன்றுதான். அதுவும் சுற்றிப் பார்க்கச் சென்றதன்று. வேலை பழகச் சென்றது. 1981 அக்டோபர் முதல் 1982 மார்ச்சு முடிய, லெனின்கிராடில் மின்னாக்கிப் பொறிகள் செய்யும் ஆலை ஒன்றில் ஆறு மாதம் இருந்தேன். 1991இல் அந்நகரம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்னும் தன் பழைய பெயருக்கே திரும்பிவிட்டது. ஆயினும் என் நினைவில் அது லெனின்கிராடுதான்.

அப்போது எங்கள் வீடு டில்லி இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இருந்தது. கும்பகோணத்துக்கு அருகே அரசலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்திருந்த அம்மாவை, அப்பா காலமான பிறகு, 1974இல் நான்தான் அழைத்து வந்தேன். ஊரிலிருந்த வீட்டை விற்றவனும் நானே. அம்மாவுக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. வந்த நாள் தொட்டு ஊரை நினைத்து ஏங்கினாள். அதை முதுமையின் பிடிவாதம் என்றே ஏழாண்டுக் காலம் எண்ணியிருந்தேன். அவள் விளக்கேற்றும் வழக்கமும் அந்தப் பிடிவாதத்தைச் சேர்ந்ததே என்பது என் முடிபு. வைகாசியில் டில்லியில் ஏழு மணிக்கு மேலும் வெளிச்சம் நிற்கும். அவளோ வெயில் காயும்போதே, சரியாக ஆறு மணிக்குக் குத்துவிளக்கை ஏற்றிவிடுவாள். மார்கழியில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். அப்போதும் ஆறு மணி ஆகட்டும் என்று காத்திருப்பாள். “சூரியனுக்கே விளக்குப் பிடிக்கிறாயா அம்மா?” என்று கேலி செய்வேன். பதில் சொல்லமாட்டாள்.

லெனின்கிராடில் முதல் மூன்று வாரம் எல்லாம் புதுமையாக இருந்தன. நவம்பரில் இருள் சூழத் தொடங்கிற்று. டிசம்பரில் அங்கே பகற்பொழுது முழுதாக ஆறு மணி நேரங்கூட இல்லை. காலை பத்து மணியளவில் விடிந்து, மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும். இருட்டில் ஆலைக்குப் போய் இருட்டில் விடுதிக்குத் திரும்புவேன். வேலையில் மூழ்கினால் வீட்டு நினைவு வராது என்று பலர் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு அது பலிக்கவில்லை. வேலையில் மூழ்கிய நாள்களில் அது இரவு படுக்கையில் மொத்தமாகச் சேர்ந்து வந்தது.

நான் சைவ உணவுக்காரன். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, கறுப்பு ரொட்டி ஆகிய மூன்றையே சுற்றிச் சுற்றி உண்டு நாக்கு மரத்துப் போயிற்று. கடைகளில் கெஃபீர் என்று ஒரு புளித்த பால், பச்சைத் தகரத்தாள் மூடியிட்ட கண்ணாடிப் புட்டியில் கிடைக்கும். ஒருநாள் விடுதியின் பொதுச் சமையலறையில் சோற்றைக் குழைய வடித்து, அதில் கெஃபீரை ஊற்றிப் பிசைந்து, கொண்டு போயிருந்த கடுகைத் தாளித்துக் கொட்டினேன். தயிர்ச்சோறு என்று சத்தியம் செய்யமுடியாது. என்றாலும் அன்றிரவு கண்ணீர் வரும்வரை தின்றேன்.

எங்கள் மாடியில் சாவிகளைக் காத்துக்கொண்டு ஒரு முதியவள் உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை நான் தின்னாமல் விட்ட ரொட்டித் துண்டைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து, ஒன்றும் பேசாமல் தாளில் சுற்றித் தன் மேசைமேல் வைத்துக்கொண்டாள். ஜெர்மானியர் அந்நகரை 1941 முதல் 1944 வரை 872 நாள் முற்றுகையிட்டிருந்த காலத்தில், முதற் குளிர்காலத்தின் கொடிய வாரங்களில், வேலைக்குப் போகாத ஒருவருக்கு நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டிதான் பங்கு. அந்த ரொட்டியை உண்டு உயிர் தப்பியவள் அவள் என்பதைப் பின்னர் அறிந்தேன். அதன்பின் நான் ரொட்டியை வீணாக்கியதில்லை.

என் கைக்கடிகாரம் இரண்டரை மணி முன்னே ஓடுவதை முதலில் கண்டவளும் அவளே. பழுதென்று எண்ணினாள். நான் அதை இந்திய நேரத்திலேயே விட்டு வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ரஷ்ய மொழியில் “அம்மா, அங்கே” என்று மட்டும் சொன்னேன். புரிந்துகொண்டாள். அது முதல் நான் படியேறி வரும்போதெல்லாம், உன் அம்மாவுக்கு இப்போது மணி என்ன என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு இதையெல்லாம் எழுதினேன். நேவா ஆறு உறைந்து கிடப்பதையும், பனிக்கட்டியில் துளையிட்டு மனிதர்கள் மீன் பிடிப்பதையும், கோடையில் அரசலாற்று மணலில் நடந்து அக்கரை சேர்வது போல நான் நேவாவைக் கடந்ததையும் வருணித்திருந்தேன். கடிகாரச் செய்தி கடைசியில் ஒரு வரி. மறுமொழி வர மாதம் ஒன்றுக்கு மேல் ஆயிற்று. ஆற்றைப் பற்றி அம்மா ஒன்றும் எழுதவில்லை.

“கடிகாரத்தை மாற்றாமல் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். மாற்றாதே. நம்மூர்க் கோயிலில் சாயரட்சை மணி ஆறுக்கு அடிக்கும். அந்த நேரத்துக்குத்தான் நான் இங்கே விளக்கேற்றுகிறேன். வெளியே வெயிலானால் என்ன, இருட்டானால் என்ன.”

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதப் பிரிவு என்னை இந்தப் பாடு படுத்தியது. நான் திரும்பும் நாள் முன்னமே குறிக்கப்பட்டிருந்தது. அவளுக்கு அப்படியொரு நாளே கிடையாது. திரும்பிப் போவதற்கு வீடும் இல்லை. அந்த விற்பனைப் பத்திரத்தில் அவள் கைநாட்டு வைக்கவில்லை. முத்து முத்தாகக் கையெழுத்திட்டாள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. மறுநாள் முதல், ஆலைச் சுவரில் மணி மூன்றரை ஆகும்போது வரைபடத்திலிருந்து தலை நிமிர்ந்து சாளரத்தைப் பார்ப்பேன். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கும். ஏக்கம் குறைந்தது என்று சொல்லமாட்டேன்.

மார்ச்சு இறுதியில் பாலம் விமான நிலையத்தில் இறங்கியபோது எல்லாரும் கடிகாரத்தைத் திருத்தினார்கள். எனக்கு அந்த வேலை இல்லை.

ஜூன் மாதத்தில் ஒருநாள் அலுவலகத்திலிருந்து சற்று முன்னதாகவே வந்துவிட்டேன். வெயில் சுவரில் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது. அம்மா தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். எட்டு வயதான என் மகன், “வெயில் அடிக்கிறதே பாட்டி, இப்போது எதற்கு விளக்கு?” என்றான்.

அடுக்களையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்து அம்மாவிடம் நீட்டினேன். “அங்கே மணி அடித்துவிட்டதடா” என்றேன் மகனிடம்.

அம்மா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு திரியைத் திருத்தத் தொடங்கினாள்.