பாலாறு வழியா உன் கடலுக்கு

என் குண்டுமணிக்கு,

பெசன்ட் நகர்ல பங்குனியில ஆமைக் குஞ்சுகளைக் கடல்ல விட்டதைப் பார்த்தேன்னு நாலு பக்கம் எழுதியிருக்க. கூடவே, கடலே இல்லாத கலவை ஊர்க்காரிக்கு ஆமையைப் பத்தி என்ன தெரியும்னு ஒரு குத்தல் வேற. இருடி, வரேன்.

போன வாரம் ஆம்பூர்ல ஒரு கல்யாணம். யார் வீடுன்னு உனக்கே தெரியும். பொண்ணுக்கு எத்தனை பவுன் போட்டாங்கன்றது தனிக் கதை, போன்ல சொல்றேன். பிரியாணியும் கத்தரிக்காயும் பிரமாதம். தாம்பூலம்கூட மஞ்சப்பையிலதான். ஆனா பைக்குள்ள தேங்காய்க்கு ஒரு கவர், லட்டுக்கு ஒரு கவர்! பந்தியில விரிச்சது 2019 ஜனவரியில இருந்து தடையில இருக்கிற அதே பிளாஸ்டிக் விரிப்பு. பந்தி முடிஞ்சதும் எச்சில் கப்போட சேர்த்துச் சுருட்டிப் பாலாத்துக் கரையில கொட்டிட்டாங்க.

ஆறுதான் காஞ்சு கெடக்கேன்னு நினைக்காதே. 2021 நவம்பர் வெள்ளம் மறந்துட்டியா? அப்படி ஒண்ணு வந்தா கரையில கெடக்கிறதெல்லாம் கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் முகத்துவாரத்துக்குப் போயிடும். நம்ம செய்யாறும் வழியில பாலாத்தோடதான் சேருது. பாலாத்துல கலந்த டேனரிக் கழிவைப் பத்தி 1996லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிடுச்சு. கவரைக் கேக்கத்தான் நாதியில்ல.

நீ பார்த்த குஞ்சுக்கு ஓடே நாலு சென்டிமீட்டர்தான் இருக்கும். அது நீரோட்டத்தோட மிதந்துபோய், மிதக்கிறதை எல்லாம் கடிச்சுப் பார்க்கும். கவரும் தெர்மாகோலும் அந்த ஓட்டத்துலதான் வந்து சேருது. கடல்ல ஊறிப் பாசி படிஞ்ச பிளாஸ்டிக் இரை மாதிரியே வாசம் அடிக்குதாம்! அமெரிக்காவுல சோதிச்சப்போ ஆமைங்க மூக்கைத் தண்ணிக்கு மேல நீட்டி நீட்டி மோந்திருக்கு. முழுங்கினதைக் கக்கவும் முடியாது, தொண்டை முழுக்க வயித்தைப் பார்த்த முள்ளு. 14 துண்டு உள்ள போனா பிழைக்கிறது பாதிக்குப் பாதிதான்னு 2018ல ஆஸ்திரேலியாவுல கணக்குப் போட்டிருக்காங்க.

2025 ஜனவரியில சென்னைப் பக்கம் நூத்துக்கணக்குல செத்து ஒதுங்குச்சே பெரிய ஆமைங்க, அந்தப் பழியை எங்க தலையில கட்டாதே. இழுவலையில மாட்டி மூச்சு முட்டினதுதான் அதுல முக்காவாசி. குஞ்சு விஷயத்துல மட்டும் ஆம்பூர், ஆற்காடு, கலவை எல்லாமே கடற்கரை ஊருங்கதான்.

ஆவணியில எங்க வீட்டு வளைகாப்பு. எவர்சில்வர் டம்ளர்தான்னு சொல்லிட்டேன். யாரு கழுவுறதுன்னு நாத்தனார் முறைக்கிறா. நீ முதல் நாளே வந்துடு, கழுவிக்கிட்டே அந்தப் பவுன் கதையையும் பேசலாம்.

உன் கலவைக்காரி